வேட்டிக்கு ஒரு நியாயம், சேலைக்கு ஒரு நியாயமா?

வேட்டி கட்டி வந்தவரை வாசலில் நிறுத்தினால் நமக்குக் கோபம் வருகிறது. வரவேண்டியதுதான். 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. அழைப்பின் பேரில் அங்கு சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி அணிந்திருந்தார். கிளப்பின் உடை விதிக்கு வேட்டி ஒத்துவராது என்று சொல்லி அவரை உள்ளே விடவில்லை. தமிழகமே கொதித்தது. சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே, பொது இடங்களில் உடையைக் காரணம் காட்டித் தடை செய்வதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. வேட்டி அணிந்து வருபவரைத் தடுக்கும் கிளப்பின் உரிமம் ரத்தாகும். தடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறையும் ரூ.25,000 வரை அபராதமும் உண்டு என்றது அந்தச் சட்டம்.

கல்லாவில் வேட்டியோடு உட்காரும் வணிகர்களாகிய நாம் அந்தச் சட்டத்தை மனதார வரவேற்றோம். என் உடை என் உரிமை; அதைப் பார்த்து என்னை மதிப்பிட நீ யார் என்பதுதான் அன்று நாம் கேட்ட கேள்வி.

அதே 2014-ஆம் ஆண்டில், வேட்டி விவகாரத்துக்கு மூன்று மாதம் முன்பு, ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடர்ந்த அவ்வழக்கை விசாரித்தவர்கள் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகிய இருவர். ஒருவர் தம்மை ஆணாக உணர்வதும், பெண்ணாக உணர்வதும், மூன்றாம் பாலினமாக உணர்வதும் அவருடைய தன்மானத்தின் ஆணிவேர். அந்த உணர்வை உடையாலும் பேச்சாலும் நடையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் கருத்துரிமையைச் சேர்ந்தது. அந்தப் பிரிவே சொல்லும் வரம்புகளைத் தவிர, ஒருவரின் தோற்றத்துக்கும் உடைத் தேர்வுக்கும் வேறு தடை போட முடியாது. தீர்ப்பின் சாரம் இது.

வேட்டிச் சட்டம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சேலைத் தீர்ப்பு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இரண்டும் ஒரே நியாயத்தின் இரண்டு தட்டுகள். ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்து மறு தட்டைக் கீழே விடுவது தராசு பிடிக்கும் கைக்கு அழகல்ல.

கடைவீதியில் கிழிந்த சீலை

உடைக்கும் கடைவீதிக்கும் உள்ள உறவு நம் தென்பகுதியில் புதிதல்ல. அந்நாளைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் உள்ளிட்டோர் மேல்சீலை அணியக் கூடாது என்று தடை இருந்தது. தங்களைவிட மேலானவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் முன்னால் மார்பை மறைப்பது குற்றம் எனப்பட்டது. தோள்சீலைப் போராட்டம் அரை நூற்றாண்டு நடந்தது. 1829-இல் வெளிவந்த அரசு அறிவிப்பு தடையை உறுதி செய்தது. 1858-59-இல் சந்தைக்கும் கடைவீதிக்கும் வந்த பெண்களின் மேலாடைகளைப் பலர் பார்க்கக் கிழித்தார்கள். பிறகு சென்னை கவர்னர் சார்லஸ் டிரவெலியன் கொடுத்த நெருக்கடியால் 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மன்னர் தடையைத் தளர்த்தினார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருந்தது.

அன்று அந்தச் சீலையைக் கிழித்தவர்களும் 'இது வழக்கம், இதுதான் முறை' என்றுதான் சொன்னார்கள். இன்று அதை ஞாயம் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா? நம் கரிசல் ஊர்களிலும் துண்டு தோளில் கிடக்கலாமா, இடுப்புக்கு இறங்க வேண்டுமா என்பது ஒரு காலத்தில் பெரிய பிரச்னையாக இருந்ததை மூத்த வணிகர்கள் அறிவார்கள். ஒருவரை அடக்கி வைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது அவர் உடையில்தான். அந்த வலி தெரிந்த மண் நம்முடையது.

வழக்கம் என்பது மாறாத ஒன்றா? இதற்கு ஜவுளிக்கடைக்காரரைக் கேட்டால் போதும். நம் தாத்தாக்கள் குடுமி வைத்திருந்தார்கள், காதில் கடுக்கன் போட்டிருந்தார்கள். பின்னால் நீளமுடியும் காதணியும் பெண்களுக்கு மட்டும் என்றாயிற்று. நம் பாட்டிமார் பலர் ரவிக்கை இல்லாமலே வாழ்ந்து முடித்தார்கள்; இன்று அப்படி யாரும் வெளியே வர முடியாது. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாவணி என்றிருந்தது. இன்று தாவணி விசேஷ நாளில் மட்டும் வெளியே வருகிறது. சுடிதார் வந்தபோது 'இது நம் ஊருக்கு ஆகாது' என்று சொன்ன கடைக்காரர்கள், இரண்டு தீபாவளி கழித்து அதற்கென்று தனி அலமாரி போட்டார்கள். அரசு அலுவலகங்களில் பெண் ஊழியர்கள் சேலையோடு சுடிதாரும் அணியலாம் என்று 2019-இல் அரசாணையே வந்தது. கரிசலில் விளையும் பருத்தியில் ஆண் பஞ்சு, பெண் பஞ்சு என்று கிடையாது. நெய்து, வெட்டி, தைத்த பிறகு பெயர் வைப்பது மனிதர்கள்தான். வைத்த பெயரைக் காலம் மாற்றிக்கொண்டே வருகிறது.

பத்து நாள் கும்பிடு

நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நடைமுறையை எடுத்துக்கொள்வோம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆயிரக்கணக்கான பக்தர்கள் விரதமிருந்து வேடம் கட்டுகிறார்கள். காளி, குறத்தி என்று ஆண்கள் சேலை கட்டி, வளையல் போட்டு, பொட்டு வைத்துக் கடைகடையாக வருகிறார்கள். நாம் எழுந்து நின்று, செருப்பைக் கழற்றி, கும்பிட்டுக் காணிக்கை போடுகிறோம். அந்தப் பணம் அம்மன் உண்டியலுக்குப் போகிறது. சேலை கட்டிய ஆணைப் பார்த்து அந்தப் பத்து நாளும் யாரும் கேலி செய்வதில்லை.

தசரா முடிந்த பதினோராம் நாள் ஒரு திருநங்கை சேலை கட்டிக் கடைமுன் வந்து அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டால் கடைப்பையன்கள் கண்ணடித்துச் சிரிப்பது ஏன்? சேலை அதே சேலைதான். வேடத்துக்குக் கும்பிடும், வாழ்க்கைக்குக் கேலியும் கொடுப்பது என்ன கணக்கு? வேடம் கட்டியவர் காப்பு அவிழ்த்ததும் சேலையைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போகிறார். திருநங்கைக்கோ சேலை வேடம் அல்ல. சிறு வயதில் வீட்டாரும் பள்ளிக்கூடமும் போட்டுவிட்ட சட்டையும் டவுசரும்தான் அவருக்கு வேடமாக இருந்தது. அதைக் கழற்றியதற்காகத்தான் பலரும் பெற்ற வீட்டை இழந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலையில் போணி ஆகும் நேரத்தில் திருநங்கை ஒருவர் வந்து கையால் தொட்டுக் கொடுத்தால் அன்றைக்கு வியாபாரம் ஓடும் என்று நம்புகிற கடைகள் நம் பகுதியில் நிறைய உண்டு. திருஷ்டி கழிக்கச் சொல்லி அழைப்பவர்களும் உண்டு. ராசியான கை என்று ஒப்புக்கொள்கிறோம். அந்தக் கை பொட்டலம் மடிக்கலாமா, தராசு பிடிக்கலாமா, சிட்டை எழுதலாமா என்று கேட்டால் மட்டும் தயக்கம் வருகிறது.

கடைக்காரர் தரப்புக் குறை

வணிகர்கள் சொல்லும் குறைகளையும் ஒதுக்கிவிட முடியாது. 'வாரம் தவறாமல் வருகிறார்கள், கேட்டது கொடுக்காவிட்டால் சத்தம் போடுகிறார்கள், பெண் வாடிக்கையாளர்கள் ஒதுங்குகிறார்கள்' என்பவை சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் புகார்கள். மிரட்டிப் பணம் கேட்பது யார் செய்தாலும் குற்றம். வசூலுக்கு வரும் ரவுடிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் இங்கும் பொருந்தும். அதில் நாம் யாரும் சலுகை கேட்கவில்லை. ஆனால் ஒருவர் செய்ததை அந்த உடை அணிந்த எல்லோர் தலையிலும் எழுதுவது சரியல்ல. எடையில் ஏமாற்றும் ஒரு கடைக்காரரைக் காட்டி 'வியாபாரிகள் எல்லோரும் இப்படித்தான்' என்று பேசினால் நமக்கு எப்படி இருக்கும்?

அவர்கள் ஏன் கடை கேட்க வருகிறார்கள் என்பதையும் வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிரிவில் நாடு முழுவதும் சுமார் 4.88 லட்சம் பேர் பதிவானார்கள். வீட்டில் இடமில்லை, வகுப்பில் கேலி, படித்தாலும் வேலையில்லை, வேலை கிடைத்தாலும் வாடகைக்கு வீடில்லை. எல்லாக் கதவும் மூடிய பிறகு திறந்திருப்பது கடை வாசல் ஒன்றுதான். அதற்குக் கதவு கிடையாது. பிச்சை எடுக்கிறார்கள் என்று வேலை தர மறுப்பதும், வேலை இல்லாததால் அவர்கள் பிச்சை எடுப்பதும் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இந்தச் சுற்றை உடைக்க முடிந்தவர்களில் நாமும் இருக்கிறோம்.

கல்லாவில் இருந்து நாணயம் எடுத்துக் கொடுப்பது எளிது. ஆண்டுக் கணக்குப் பார்த்தால் அது திரும்பாத செலவு. அதே கைக்குச் சம்பளம் கொடுத்தால் பேரேட்டில் அதற்கு எதிரே உழைப்பு என்று ஒரு வரவு இருக்கும். இது தர்மப் பேச்சல்ல, கணக்குப் பேச்சு.

மந்தித்தோப்பு காட்டிய வழி

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். கோவில்பட்டியை ஒட்டிய மந்தித்தோப்புக்குப் போய்ப் பார்க்கலாம். 2020-இல் அங்கே திருநங்கைகளுக்கு வீடுகள் கட்டித் தரப்பட்டன. கறவை மாடுகள் வாங்கக் கடன் கிடைத்தது. திருநங்கைகளே உறுப்பினர்களாக இருக்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரியின் பெயரையே குடியிருப்புக்குச் சந்தீப் நகர் என்று வைத்துக்கொண்டார்கள்.

விடியற்காலை எழுந்து சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறந்து ஊற்றுகிற வேலை சோம்பேறிகளுக்கு வராது. அவர்களுக்கு உழைக்கத் தெரியாது என்ற பேச்சுக்கு அந்தப் பால்கேன்களே பதில். மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தவிடும் எங்கிருந்து போகின்றன? நம் கடைகளிலிருந்துதான். நேற்று வரை காசு கேட்டு வந்தவர் இன்று கொள்முதல் செய்ய வருகிறார் என்றால் அது நம் வியாபாரத்துக்கும் வரவு. பசுவின் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட பசுவந்தனைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேறு துறைகளிலும் கதவுகள் திறந்திருக்கின்றன. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் வரை போராடி, 2017-இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். அவருக்குக் காக்கிச் சீருடை கொடுக்கத் தயங்காத அரசு இருக்கும்போது நம் கடைச் சீருடை கொடுக்க நாம் தயங்குவதா? மதுரையைச் சேர்ந்த நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2021-இல் மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்தில் இலவசப் பயணம் வந்தபோது, அது திருநங்கைகளுக்கும் உண்டு என்று அரசு அறிவித்தது. பேருந்து நடத்துநர் கேள்வி கேட்காமல் கிழித்துக் கொடுக்கும் சீட்டில் உள்ள மரியாதை, நம் கல்லாவில் போடும் பில்லிலும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நல வாரியம் 2008-லேயே ஏற்பட்டது. நாடாளுமன்றம் 2019-இல் இயற்றிய மாற்றுப் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வணிகர்கள் கவனிக்க வேண்டியவை அதில் சில உண்டு. பொதுமக்களுக்கு விற்கும் பொருளையும் சேவையையும் இவர்களுக்கு மறுக்கக் கூடாது என்றது 3-ஆவது பிரிவு; வாடகைக்கு இடம் பெறும் உரிமையும் அதில் அடங்கும். வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்றது 9-ஆவது பிரிவு. பெற்றோரிடமிருந்து ஒரு குழந்தையை இந்தக் காரணத்துக்காகப் பிரிக்கக் கூடாது என்றது 12-ஆவது பிரிவு.

நம் தூத்துக்குடியிலேயே ஒரு வழக்கு உண்டு. 2018 அக்டோபர் 31-இல் சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் அலுவலகம் பதிய மறுத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22-இல் வழங்கிய தீர்ப்பில், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கூறித் திருமணத்தைப் பதியச் சொன்னார். முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்களில் இவர்களும் உண்டு என்பதை ஜவுளி வணிகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நாம் செய்யக் கூடியவை

பெரிய மாநாடும் தீர்மானமும் தேவையில்லை. கடை அளவில் செய்யத்தக்க சில காரியங்கள் போதும்.

ஒன்று, அழைக்கும் முறை. சேலை கட்டி வந்தவரை 'அக்கா', 'அம்மா' என்று அழைக்க நமக்குச் செலவு ஒன்றுமில்லை. அவர் வைத்துக்கொண்ட பெயரையே பற்றுவரவு நோட்டில் எழுத வேண்டும். 'ஏய்', 'அது', 'இது' என்ற பேச்சைக் கடைப்பையன்கள் விட வேண்டும். இதற்கு முதலாளி ஒரு தரம் கண்டித்துச் சொன்னால் போதும்.

இரண்டு, வரிசை. மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டு 'இவரை முதலில் அனுப்பு' என்று அவசரமாகத் தள்ளிவிடுவதும் அவமானம்தான். வந்த வரிசைப்படி சரக்குக் கொடுங்கள். சரியான எடை, சரியான விலை, சரியான சில்லறை.

மூன்று, வேலை. பலசரக்கு புடைப்பது, பொட்டலம் போடுவது, கடலைமிட்டாய் பாக்கெட் கட்டுவது, கணக்கு எழுதுவது என்று நம் தொழிலில் ஆள் தேவைப்படும் இடங்கள் பல. ஆள் கிடைக்கவில்லை என்பது நம் நிரந்தரப் புலம்பல். பத்துக் கடை சேர்ந்த வீதியில் ஒரு கடை ஒருவரை எடுத்தால்கூடப் போதும். மற்ற பணியாளருக்குத் தரும் அதே சம்பளம், அதே விடுமுறை, அதே தீபாவளிப் போனஸ் தர வேண்டும். வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்ற பயம் முதல் வாரத்தோடு தீரும். சரக்கு நன்றாகவும் விலை நியாயமாகவும் இருந்தால், பொட்டலம் கட்டியவர் யார் என்று பார்த்து எவரும் கடை மாறுவதில்லை.

நான்கு, இடம். சிறு பெட்டிக்கடையோ இட்லிக்கடையோ போட வாடகைக்கு இடம் கேட்டு வந்தால் முன்பணத்தையும் ஒப்பந்தத்தையும் பேசுங்கள். உடையைப் பேச வேண்டாம்.

ஐந்தாவது வீட்டுக்கு உரியது. கடைசியாகச் சொன்னாலும் இதுவே முதன்மையானது. இப்படிப்பட்ட பிள்ளை எந்தக் குடும்பத்தில் பிறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வணிகர் குடும்பங்களும் விலக்கல்ல. 'கடையைப் பார்த்துக்கொள்ள வாரிசு' என்று வளர்த்த மகன் ஒருநாள் 'நான் பெண்' என்று சொன்னால் அடியும் பூட்டும் மருந்தாகாது. ஊர் என்ன சொல்லும் என்ற கவலையில் பிள்ளையைத் தெருவில் விட்டால், அந்தப் பிள்ளை வேறொரு ஊரின் கடை வாசலில் கை நீட்டி நிற்கும். நம் கடை வாசலுக்கு வந்து நிற்பவரும் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைதான். மகள் பேண்ட் சட்டை போட ஆசைப்படுவதும் மகன் தலைமுடி வளர்ப்பதும் உடனே பெரிய சண்டையாக வேண்டியதில்லை. எல்லாம் இதே கணக்கில் சேராது. சில வயதின் விருப்பம், சில வாழ்க்கையின் உண்மை. எதுவானாலும் பேசிப் புரிந்துகொள்ள வீட்டில் இடம் இருக்க வேண்டும். கடையை நடத்த மூளையும் நாணயமும் வேண்டும். அவை இரண்டும் வேட்டிக்குள் மட்டும் இருப்பதாக யாரும் எழுதித் தரவில்லை.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. அந்த ஆடைப் பாதியைத் தானே தேர்ந்துகொள்ள நீதிபதிக்கு உள்ள உரிமை திருநங்கைக்கும் உண்டு. நம் வேட்டிக்கு மரியாதை கேட்ட அதே வாயால் அவர்கள் சேலைக்கும் மரியாதை சொல்வோம். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும் என்றும், எந்தெந்தக் கடைகளில் வேலைக்கு இடம் உண்டு என்று ஒரு பட்டியல் தயாரித்து மந்தித்தோப்புக்கு அனுப்ப வேண்டும் என்றும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.